எட்டு கஜம் டார்டன் துணி: வாங்கி, மடித்து, கையால் கில்ட் தைத்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் முட்டிவரை கட்டும் மடிப்புப் பாவாடை, டார்டன் என்ற கட்டம் போட்ட கம்பளித் துணியில் தைப்பது. வீட்டில் அதைத் தைக்க நினைப்பவர்கள் காசைத் துணியில் போடுங்கள். 'கில்ட் கிட்' என்று ஒரு பெட்டியில் அடைத்து விற்கும் உதிரிச் சாமான்களில் போட வேண்டாம், அதெல்லாம் கோலாலம்பூரிலேயே கிடைக்கும். நான் இரண்டையும் வாங்கினேன். இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தைத்து, போன வாரம்தான் கடைசி முடிச்சுப் போட்டேன். கை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இது.

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். இருபது வருஷமாக வீட்டிலேயே ரவிக்கை, பாவாடை, பஞ்சாபி சூட் தைத்துக் கொடுக்கிறேன். என் மகனுக்குப் பதினாறு வயது. நம்ம கோலாலம்பூரின் ஸ்ரீ தஸ்மேஷ் பைப் பேண்ட் 2019-இல் கிளாஸ்கோ வரை போய் உலகப் போட்டியில் தன் பிரிவில் முதல் இடம் வாங்கியதே, அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு பேக்பைப் என்கிற, பையில் காற்றடைத்து ஊதும் ஸ்காட்லாந்து வாத்தியத்தின் மேல் பைத்தியம். இப்போது ஒரு சின்னக் குழுவில் ஊதுகிறான். குழுவின் சீருடை கில்ட், அது அவரவர் செலவு. ஸ்காட்லாந்தில் கையால் தைத்த எட்டு கஜ கில்ட் ஒன்றை ஆர்டர் பண்ணினால் ரிங்கிட் கணக்கில் ஆயிரக்கணக்கில் போகிறது. "நான் தைத்துத் தரேன்டா" என்று சொல்லிவிட்டேன். சேலைக் கொசுவம் மடிக்கத் தெரிந்தவளுக்கு இது வராதா என்று ஒரு தைரியம்.

முதல் தடவை தப்பு பண்ணினேன். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் ஒரு கடையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி பார்த்தேன், பேர் சொல்ல வேண்டாம். "அக்கா, இது ஒரிஜினல் வூல், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைத்தம்பி. மீட்டர் இருபத்தெட்டு ரிங்கிட். தொட்டுப் பார்த்தால் கம்பளி மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஆறு மடிப்பு மடித்து, ஈரத்துணி போட்டு அழுத்தி அயன் பண்ணி, காலையில் வந்து பார்த்தால் மடிப்பெல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. சந்தேகம் வந்து ஓரத்தில் நாலு நூல் உருவி அடுப்பில் காட்டினேன். கம்பளியாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகிச் சொட்டி, ஆறின பிறகு கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நின்றது. முழுக்க பாலியஸ்டர். யார் கம்பளி என்று விற்றாலும், வெட்டச் சொல்வதற்கு முன்னால் நாலு நூல் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள்.

அப்புறம்தான் ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு நெசவாலைக்கே எழுதினேன். கேட்டது 16 அவுன்ஸ் துணி, ராயல் ஸ்டூவர்ட் டார்டன். 16 அவுன்ஸ் என்றால் இரட்டை அகலத் துணியில் ஒரு கஜத்தின் எடை. நம் ஊர் வெயிலுக்கு 10, 11 அவுன்ஸ் போதாதா என்று எனக்கும் தோன்றியது. 13 அவுன்ஸும் நிறையப் பேர் தைக்கிறார்கள். ஆனால் மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும், நடக்கும்போது பின்பக்கம் விசிறி ஆடி மறுபடி அதே இடத்தில் வந்து விழ வேண்டும் என்றால் துணிக்குக் கனம் வேண்டும். பாலியஸ்டரில் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். இந்த உடையில் பாதி வேலையைத் துணியே பார்த்துக்கொள்கிறது.

துணியின் அகலம் கிட்டத்தட்ட ஐம்பத்தாறு அங்குலம். கில்டின் நீளம் அதில் பாதிகூட வராது. அதனால் நாலு கஜம் வாங்கி நடுவில் நீளவாட்டில் பிரித்தால் எட்டு கஜம் ஆகிவிடும். இரண்டு துண்டுக்கும் ஒரு பக்கம் கரை இருக்கும். ஆலையிலேயே பிரித்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினார்கள். துணிக்கு மட்டும் ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட் சொச்சம், தபால் தனி, கஸ்டம்ஸ் வரி தனி. எழுதி மூன்று வாரத்தில் வீட்டு வாசலுக்கு வந்தது.

பார்சலைப் பிரித்ததும் எங்கள் அம்மா, "என்னடி, கூறைப்புடவையா?" என்று கேட்டார். சிவப்பும் கட்டமும் அப்படித்தான் இருந்தது. கையில் எடுத்தால் குளிர்ச்சியாக, வழவழவென்று, ஆனால் கெட்டி. கம்பளி என்றதும் நமக்குப் போர்வைதான் ஞாபகம் வரும், குத்தும், அரிக்கும். இது அந்த ஜாதி இல்லை, நீள நூல் முறுக்கி நெய்த துணி. விளக்கில் சாய்த்துப் பிடித்தால் சாய்வுக் கோடுகள் பொடிப்பொடியாகத் தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்தது கரை. கில்டுக்குக் கீழே மடித்துத் தைப்பது கிடையாது. நெய்த கரைதான் முட்டியில் தெரியப் போகிற ஓரம். அது பிசிறு இல்லாமல், மேலே இருக்கிற துணியோடு ஒரே நிறத்தில் கோடு பிடித்த மாதிரி வந்திருந்தது. மலிவான துணியில் அந்த ஓரம் நூல் நூலாகத் தொங்கும், அது கில்டுக்கு ஆகாது. கரைக்காகவே இந்த ஆலைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஒரு சின்னக் குறை உண்டு. கட்டத்தின் அளவை, அதாவது ஒரு கோலம் முடிந்து மறுபடி ஆரம்பிக்கும் தூரத்தை, முன்னாலேயே கேட்டிருந்தேன், ஏழு அங்குலம் என்றார்கள். வந்ததை அளந்தால் ஒரு துண்டில் சரியாக ஏழு, இன்னொரு துண்டில் சில இடங்களில் ஒரு நூல் கூடுதலாக இருந்தது. ஈரத்துணி போட்டு அயன் பண்ணியதும் சரிக்கு வந்துவிட்டது. ஆனாலும் அளக்காமல் மடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

மடிப்புதான் இதில் உயிர். மகனுக்கு இடுப்பு 30, அதற்குக் கீழே அகலமான இடத்தில் 36. சுற்றளவில் பாதி முன்பக்கம் தட்டையாக வரும், மீதிப் பாதி பின்னால் மடிப்பு. ஆக மடிப்பெல்லாம் சேர்ந்து கீழே 18 அங்குலம், மேலே 15. நான் 24 மடிப்பு வைத்தேன். ஒவ்வொன்றும் வெளியே தெரிவது முக்கால் அங்குலம், உள்ளே மறைந்து போவது ஒரு முழுக் கட்டம், ஏழு அங்குலம். அப்படியானால் மடிப்புக்கு மட்டும் 186 அங்குலத் துணி போகிறது. முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக வரும் இரண்டு தட்டைப் பகுதி, அவற்றின் ஓரத்து ஆழ மடிப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு அறுபது. மொத்தம் 246, அதாவது ஏழு கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு கஜம் எட்டு கஜம் என்று எல்லாரும் சொல்வது ஒரு பேச்சுக்கு. ஆளின் சுற்றளவையும் கட்டத்தின் அளவையும் பொறுத்துத்தான் கணக்கு வரும். ஒல்லிப் பையன்களுக்கு ஒரு கஜத்துக்கு மேல்கூட மிஞ்சும்.

ஏன் ஒரு முழுக் கட்டத்தை உள்ளே தள்ள வேண்டும் என்றால், அப்போதுதான் பின்னால் இருந்து பார்க்கும்போது, மடிப்பே இல்லாத துணி மாதிரி, கட்டம் தொடர்ச்சியாகத் தெரியும். முதல் மடிப்பில் வெள்ளைக்கோடு முடிந்த இடத்துக்கு அடுத்த துளியில் இரண்டாவது மடிப்பு ஆரம்பிக்க வேண்டும். இன்னொரு முறையும் உண்டு. எல்லா மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வருகிற மாதிரி மடிப்பது, அது ராணுவப் படைகளின் பாணி. அப்படி மடித்தால் பின்பக்கம் கட்டம் போய் வெறும் கோடாக நிற்கும். மகனுடைய குழுவில் முதல் முறைதான், அதனால் எனக்கு யோசனை மிச்சம்.

இப்போது கஷ்டமான இடம். மேலே இடுப்பிலிருந்து கீழே அகலமான இடம் வரை, மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தைக்க வேண்டும், மீதி மூன்றில் இரண்டு பங்கு மடிப்பு சும்மா தொங்கும். தைக்கிற அந்த ஏழு அங்குலத்துக்குள் ஒவ்வொரு மடிப்பும் முக்கால் அங்குலத்திலிருந்து ஆரம்பித்து, மேலே போகப் போக ஒடுங்கி, இடுப்பில் அரைக்கால் அங்குலம் குறைந்திருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் பெரிய விஷயமா என்று தோன்றும். அதில் பாதி பிசகினாலும், 24 மடிப்புக்கு ஒன்றரை அங்குலம் இடுப்பு மாறிப்போகும். நான் முதல் எட்டு மடிப்பு தைத்து அளந்தபோது முக்கால் அங்குலம் கூடுதலாக வந்தது. எட்டையும் பிரித்தேன். பிரித்தபோதுதான் துணியின் தரம் இன்னும் தெரிந்தது, ஊசி போன ஓட்டை ஒன்றுகூட நிற்கவில்லை. நகத்தால் நீவிவிட்டு ஆவி காட்டினால் மூடிக்கொள்கிறது.

மெஷினில் ஏன் தைக்கக் கூடாது என்று என் தங்கச்சி கேட்டாள். மெஷின் தையல் கட்டத்தின் மேல் ஒரு பள்ளக் கோடு போட்டுவிடும். கையால் தைக்கும்போது மடிப்பின் விளிம்பில் ஒரு நூலை மட்டும் ஊசியால் தொட்டு, அடியில் இருக்கிற துணியில் இறக்கி இழுத்தால் தையல் உள்ளே போய்விடும், வெளியே ஒன்றுமே தெரியாது. சிவப்பில் போகும்போது சிவப்பு நூல். அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட்டேன். ஒரு மடிப்புக்கு எழுபது, மொத்தம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். வெள்ளைக்கோடு வருகிற இடத்தில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மடிப்பின் வெள்ளைக்கோட்டோடு உரசி நிற்கிறதா என்று பார்த்துத்தான் ஊசியை இழுப்பேன். ஒரு நூல் இறங்கினாலும் பத்தடி தூரத்தில் தெரிகிறது. ஒரு மடிப்புக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மடியில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த கம்பளி, செந்தூல் புழுக்கம். ராத்திரி ஏர்கான் போட்டபிறகுதான் உட்கார முடிந்தது.

இரண்டு துண்டையும் சேர்க்கிற இடம் ஒரு மடிப்பின் உள்ளே ஒளிந்துகொள்ள வேண்டும். இதில் எனக்குப் பழைய பழக்கம் கை கொடுத்தது. அப்பா கட்டுகிற கைலியை மூட்டும்போது கட்டத்தோடு கட்டம் சேர்த்து மூட்டச் சொல்வார், கோடு கோணினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். இங்கே மலாய்க்காரர்கள் அந்தக் கைலியை காயின் பெலிக்காட் என்கிறார்கள். பெலிக்காட் என்பது நம்ம பழவேற்காடு. அங்கேயிருந்து கப்பலேறி வந்த துணிக்கு ஊர்ப்பேரே நின்றுவிட்டது. அந்தக் கைலியில் படிந்த கைதான் ஸ்காட்லாந்துத் துணியிலும் கட்டத்தைச் சேர்த்தது. சேர்த்த இடம் எங்கே என்று மகனைத் தேடச் சொன்னேன், அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தைத்து முடித்ததும் உள்பக்கம் பார்த்தால் இடுப்பில் துணி அடுக்கடுக்காகப் பெருத்து நிற்கும். தைத்த பகுதிக்குப் பின்னால் இருக்கிற உபரித் துணியை வெட்டி எடுக்க வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட் துணியில் கத்தரிக்கோல் வைக்க மனசு வரவில்லை. ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்திருந்தேன். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை விடவே கூடாது. மடிப்புகளை உள்பக்கமாக ஒன்றோடு ஒன்று சேர்த்துக் குறுக்கே ஒரு வரிசை கெட்டித் தையல் போட வேண்டும். இல்லையென்றால் தொங்குகிற கனம் முழுவதும் வெளியில் தெரியாமல் போட்ட அந்த மெல்லிய தையலை இழுக்கும், ஆறு மாதத்தில் பிளந்துகொள்ளும். அதன் மேல் கேன்வாஸ், அதன் மேல் பருத்தி லைனிங்.

சரி, கிட்டுக்கு வருகிறேன். அது வேறு ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் வாங்கியது, இருநூற்று எண்பது ரிங்கிட். உள்ளே கேன்வாஸ், லைனிங், நூல், ஊசி, மூன்று தோல் வார், மூன்று பக்கிள், இருபது பக்கம் செய்முறைத் தாள். பக்கிள் நல்ல கனம், அதில் குறை இல்லை. கேன்வாஸ், கோட்டுக்குள் வைக்கிற மயிர் கேன்வாஸ் என்று போட்டிருந்தது. வந்தது பசை தடவிய ஒட்டுக் கேன்வாஸ். அதைச் சூடுவைத்து ஒட்டினால் இடுப்பு அட்டை மாதிரி நிற்கும், ஆவி பட்டால் குமிழி விடும். தூக்கி வைத்துவிட்டேன். கோட்டு தைக்கிற கடைகளுக்குச் சாமான் விற்கிற ஒரு கடை மஸ்ஜிட் இந்தியா பக்கம் இருக்கிறது, அங்கே நல்ல கேன்வாஸ் ஒரு மீட்டர் இருபது ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. லைனிங் துணி என் அலமாரியில் இருக்கிற ரவிக்கை லைனிங்கைவிட மட்டம். தோல் வார் மெல்லிசு, இரண்டாவது தடவை இறுக்கியபோதே ஓட்டை நீண்டுவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் செருப்பு தைக்கிற அண்ணனிடம் காட்டினேன். வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பை வாருக்கு ஆகும்மா, இடுப்புக்கு ஆகாது" என்றார். ஒன்றேகால் அங்குல அகலத்தில் கெட்டித் தோலில் மூன்று வார் வெட்டி, முனை சீவி, ஓட்டை போட்டு, நாற்பத்தைந்து ரிங்கிட் வாங்கினார். வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் ஒன்று. இடது பக்க வார் உள் தட்டையிலிருந்து ஒரு சின்னத் துளை வழியாக வெளியே வந்து பக்கிளில் மாட்டும். அந்தத் துளையை பட்டன்துளை மாதிரிச் சுற்றித் தைத்தேன்.

செய்முறைத் தாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். படம் தெளிவு, ஆனால் மடிப்பு ஒடுங்குகிற கணக்கு அதில் இல்லவே இல்லை, 'இடுப்புக்கு ஏற்ப ஒடுக்கவும்' என்று ஒரே வரி. புதிதாகத் தைக்கிறவர்கள் அந்த ஒரு வரியில்தான் விழுவார்கள். மேலே நான் எழுதியிருக்கிற கணக்கை உங்கள் அளவுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கீழ் அளவில் பாதியை மடிப்பு எண்ணிக்கையால் வகுங்கள், இடுப்பளவில் பாதியையும் அதே எண்ணால் வகுங்கள், அவ்வளவுதான்.

கடைசி வேலை அயன். மடிப்பை முழு நீளத்துக்கும் பெரிய ஓட்டுத்தையலால் கட்டி வைத்து, ஈரமான பருத்தித் துணியை மேலே போட்டு, அயன் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி அழுத்த வேண்டும். இழுத்தால் கோடு கோணும். அழுத்தியதை அப்படியே ஒரு ராத்திரி ஆறவிட்டு, ஓட்டுத்தையலை உருவியபோது மடிப்பு அசையவில்லை. பாலியஸ்டர் வாய் பிளந்தது ஞாபகம் வந்தது. கரையைப் பிடித்துத் தூக்கி விட்டேன், 24 மடிப்பும் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் நாலு தடவை தூக்கி விட்டேன்.

நம் ஊரில் கம்பளியை வைத்துக் காப்பாற்றுவது தனி வேலை. பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, வசம்பும் ரெண்டு அந்துருண்டையும் போட்டு வைக்கிறேன். போட்டுக் கழற்றினால் உடனே மடித்து வைக்காமல் ஒரு நாள் காற்றில் தொங்கவிட வேண்டும், வியர்வை ஈரம் போகும்வரை.

மொத்தக் கணக்கு: துணி, தபால், வரி எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறுக்குப் பக்கம். கேன்வாஸ், வார், லைனிங், நூல் உள்ளூரில் நூறு. கிட்டுக்குக் கொடுத்த இருநூற்று எண்பதில் உருப்படியாகப் பயன்பட்டது பக்கிள் மட்டும்தான். வேலை அறுபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் போட்டுப் பார்த்தான். கரை முட்டியின் நடுவில் சரியாக நின்றது. ஹாலில் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி, "அம்மா, பின்னாடி ஆடுதும்மா" என்றான். அவனுக்கு வளர்கிற வயது. அதனால் வலது பக்கத்து ஆழ மடிப்பில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டிருக்கிறேன், கைத்தையல்தானே, அடுத்த வருஷம் பிரித்து விடலாம். மிஞ்சிய 42 அங்குலத் துணியை அதற்காகவே சுருட்டி வைத்திருக்கிறேன். நேற்று அவன் குழுவில் இன்னொரு பையனின் அம்மா போன் பண்ணி எங்கே துணி வாங்கினீர்கள் என்று கேட்டார். அதே ஆலைக்கு, அதே 16 அவுன்ஸுக்குத்தான் எழுதச் சொன்னேன்.